எட்டு போல்ட்டிலும் குங்குமம்

தாராவி, மும்பை
11-1-2026, ஞாயிறு

அன்பு மகள் மாரிசெல்விக்கு, அப்பா வானமாமலை எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் வண்டியும் மூன்று பேரும் சுகம். அந்த டப்ளின் மழையில் சளி இருமல் இல்லாமல் நீயும் சுகமாக இருக்க இசக்கியம்மன் பார்த்துக்கொள்வாள். வண்டியையும் ஆளாகச் சேர்த்து எழுதியிருக்கிறாரே என்று சிரிப்பாய், சிரித்துக்கொள், ஆனால் நவம்பரிலும் டிசம்பரிலும் வண்டிக்குச் சுகமில்லாமல்தான் இருந்தது, உன்னிடம் மறைத்துவிட்டோம். வீடியோவில் வண்டியைக் காட்டுங்கப்பா என்று நீ கேட்கும்போதெல்லாம் சார்ஜ் இல்லை, நெட் இல்லை என்று நான் சொன்னதெல்லாம் பொய். தினமும் போனில் பேசுகிற பிள்ளைக்குக் கடிதம் எதற்கு என்றால், நம் வீடு உனக்குத் தெரியாததா, பத்துக்குப் பன்னிரண்டு அறையில் நீ என்னிடம் கேட்கிற கேள்விக்கு அடுப்படியிலிருந்து உன் அம்மாதான் பதில் சொல்லுவாள். இது அவளைப் பற்றிய விஷயம், அவள் காதுபட என்னால் சொல்ல முடியாது. அதனால் ஏர்போர்ட்டில் ஒரு சவாரியை இறக்கிவிட்டு, அடுத்தது வரும்வரை பார்க்கிங்கில் டாக்சிக்குள்ளேயே உட்கார்ந்து ஸ்டியரிங் மேல் நோட்டை வைத்து எழுதுகிறேன். அடுத்த வீட்டு ஹாஃபிஸாவின் மகள் சஃப்ரீன் படிப்புக்காக உங்கள் ஊருக்குத்தான் வருகிறாள், புதன்கிழமை விமானம், அவளிடம் கொடுத்துவிடுகிறேன். கோணல்மாணலான கையெழுத்தைப் பொறுத்துக்கொள்.

நீ அங்கே போய் முதன்முதலாக அனுப்பிய பணத்தில்தானே செப்டம்பரில் நம் வண்டிக்கு இஞ்சினை இறக்கி முழு வேலை பார்த்தோம். அந்த வேலையை வடாலாவில் லாரிகள் நிற்கிற பக்கம் சாய்நாத் என்பவருடைய கேரேஜில் கொடுத்தேன். மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவர், நம் பாஷை பேசுகிறார், நம்மை ஏமாற்றவா போகிறார் என்று ஒரு நம்பிக்கை. வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது ஆறு மாத வாரண்டி என்று ஒரு அட்டை தந்தார், பின்பக்கம் முழுக்கப் பொடி எழுத்து இங்கிலீஷ், நான் மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அதில் எழுதியிருந்தது இவ்வளவுதான்: இஞ்சினின் மேல்மூடியை எட்டு போல்ட் பிடித்திருக்கிறது, ஒவ்வொரு போல்ட்டிலும் பாதி போல்ட் தலையில், பாதி மூடியில் படுகிற மாதிரி மஞ்சள் பெயிண்டில் ஒரு கோடு போட்டிருக்கிறோம், வெளியாள் யாராவது கழற்றினால் கோடு விலகிவிடும், கோடு விலகினாலோ மறைந்தாலோ வாரண்டி கிடையாது. இந்த நாலு வரியை அன்றைக்கு வாசித்திருந்தால் எனக்கு இத்தனை பாடு இல்லை.

இரண்டு வாரத்தில் ஆயுத பூஜை வந்தது. உன் அம்மா பானட்டில் சந்தனம் பூசி, மாலை போட்டு, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு, பானட்டைத் திறங்க என்றாள். எதற்கு என்றேன். ஓடுதது உள்ள இருக்க இஞ்சினு, அதுக்குப் பொட்டு வைக்காம வெளித் தகரத்துக்கு மட்டும் வச்சா அது கோவிச்சுக்கிடாதா என்றாள். திறந்தேன். எட்டு போல்ட்டிலும் மஞ்சளைப் பார்த்ததும் அவளுக்கு முகமெல்லாம் பூரிப்பு. ஏங்க, கேரேஜ்காரக மஞ்ச வச்சுத்தான் அனுப்பியிருக்காக, பக்தியான ஆளுகதான், குங்குமத்தத்தான் மறந்துட்டாக பாத்தியளா என்று சொல்லிக் குங்குமத்தை நல்லெண்ணெயில் குழைத்தாள், பெயிண்ட் கோட்டை மஞ்சள் என்று நினைத்து எட்டின் மேலும் கட்டைவிரல் அகலத்துக்கு ஒன்று விடாமல் அழுத்தி வைத்தாள். இருபத்துநாலு வருஷமாக வண்டி ஓட்டுகிற நான் என்ன செய்தேன் தெரியுமா, பக்கத்தில் நின்று அதைப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்பினேன். நீயும் சூப்பர்ப்பா என்று எழுதினாய். அப்பனும் மகளும் ஒரே அறிவு.

நவம்பர் பத்தாம் தேதி ஒரு சவாரியோடு சுன்னாபட்டி தாண்டும்போது ஆயில் லைட் எரிந்தது, ஓரம் கட்டுவதற்குள் உள்ளே சுத்தியலால் அடிக்கிற மாதிரி சத்தம், அதோடு இஞ்சின் இறுகி நின்றுவிட்டது. பாவம் அந்தப் பயணி ஒரு ஆட்டோ பிடித்துப் போனார். கட்டி இழுத்துக்கொண்டு வடாலா போனேன். வாரண்டிதான் இருக்கிறதே என்று விசில் அடிக்காத குறையாகத்தான் போனேன் தாயி. சாய்நாத் பானட்டைத் திறந்தார், எட்டுக் குங்குமத்தையும் பார்த்தார், ஆயில் பார்க்கவில்லை, அடியில் பார்க்கவில்லை, டப்பென்று மூடினார். தாராவில எவனோ ரோட்டு மெக்கானிக்க விட்டுத் தொறந்துட்டு, கோட்டை மறைக்க மேல சிவப்பு அடிச்சுட்டு வந்து நிக்கறீங்க, கண்டிஷன் கிளியரா எழுதியிருக்கே படிக்கலையா, உங்க மாதிரி எத்தனை பேரைப் பாத்திருக்கேன் என்றார். அங்கே வேலைக்கு வந்திருந்த நாலைந்து டிரைவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். வண்டிக்குள் பயணி விட்டுப்போன தங்கச் சங்கிலியை ஆளைத் தேடிக் கொண்டுபோய்க் கொடுத்தவன் நான், என்னைப் போய் எல்லார் முன்னாலும் பொய்க்காரன் என்கிறார். எனக்கு வாய் நீளம் என்று உனக்குத் தெரியும். பூஜைப் பொட்டு என்று பொறுமையாகச் சொல்ல வேண்டியதை விட்டுவிட்டு, எழுதக் கூடாததெல்லாம் பேசினேன், அட்டையைக் கிழிக்கப் போனேன், அங்கே மெக்கானிக்குகளுக்கெல்லாம் பெரிய மிஸ்திரியாக இருக்கிற அப்துல் வாஹித் கையைப் பிடித்து வாசலில் கொண்டு விட்டார், வண்டி அங்கேயே நின்றுவிட்டது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்.

அந்தக் கோபத்தை அங்கேயே விட்டிருக்க வேண்டும். வீட்டுக்குக் கொண்டு வந்தேன். செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று, ஏளா ஒன் குங்குமந்தான் நம்ம சோத்துல மண்ண அள்ளிப் போட்டுட்டு, புள்ள குளுருல கெடந்து சம்பாதிச்ச காச நீ பொட்டு வச்சே அழிச்சிட்ட என்றேன். செல்வி, இருபத்தெட்டு வருஷத்தில் அவளை நான் திட்டாதவன் இல்லை, அவளும் விட்டதில்லை, ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பிக் கொடுப்பாள். அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. உன் பெயரை இழுத்தேனே, அதுதான் உள்ளே போய்த் தைத்துவிட்டது. சோறு வைத்தாள், தண்ணீர் வைத்தாள், அவள் சாப்பிடவில்லை. இரண்டு நாள் அப்படியே. இதற்கிடையில் தினமும் காலையில் ஆபீஸ் ஆட்களை ஏற்றிப்போகிற டூட்டி தருகிற கம்பெனிக்காரர்கள், மாதம் முடிவதற்குள் வண்டி வராவிட்டால் வேறு வண்டி வைத்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள். அந்த டூட்டி போனால் எனக்கு வேறு என்ன இருக்கிறது. கோபர்கைரனேயிலிருந்து உன் மாமா இசக்கிதுரை போன் பண்ணி, நாலு பேரோட போயி நிப்போம் மச்சான், தானா வழிக்கு வருவான் என்றான். உன் அம்மா போனை வாங்கி, நாலு பேரு எதுக்குலே, உள்ளதச் சொல்ல ஒரு ஆளு போதும் என்றாள். இரண்டு நாளில் அவள் பேசிய முதல் பேச்சு அது. அதுவும் என்னிடம் இல்லை.

உன் அம்மா தோல் பை செய்கிற கார்கானாவில் பதினாறு வருஷமாகச் செக்கிங் பார்க்கிறாள் என்று உனக்குத் தெரியும், என்ன பார்க்கிறாள் என்று நானும் கேட்டதில்லை, நீயும் கேட்டிருக்க மாட்டாய். அந்த வாரம் ஒரு கடைக்காரர் பிரித்துத் தைத்த பையை அனுப்பிவிட்டீர்கள் என்று ஒரு பையைத் திருப்பிக் கொடுத்தாராம். இவள் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, பிரிச்சுத் தச்சிருந்தா ஊசித் துளை ரெண்டு இருக்கும், இதுல ஒண்ணுதான் இருக்கு, இது யாரும் பிரிச்சதில்ல என்று சொல்லியிருக்கிறாள். கடைக்காரர் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாராம். அதைச் சொன்ன வாயோடு அவளுக்கு நம் வண்டி நினைவு வந்திருக்கிறது. அன்று சாயங்காலம் உனக்கு மெசேஜ் போட்டு ஆயுத பூஜைப் போட்டோவைத் திருப்பி அனுப்பச் சொன்னாளே, எதற்கு என்று நீ கேட்டதற்குப் பிரேம் போட என்றாளே, இதற்குத்தான். என் போனில் இடம் இல்லாமல் நான் அதை எப்போதோ அழித்திருந்தேன். நீ அழிக்காமல் வைத்திருந்தாய், நல்லா இருப்பாய் தாயி.

மறுநாள் அரை நாள் லீவு போட்டுவிட்டு, கிளம்புங்க வடாலாவுக்கு, நீங்க அங்ஙன வாயத் தொறக்கக் கூடாது என்றாள். பஸ்ஸில் போனோம். கார்கானாவில் வைத்திருக்கிற டார்ச் லைட்டு ஒன்று கையில், போன் ஒன்று இடுப்பில், அவ்வளவுதான். சாய்நாத் என்னைப் பார்த்ததும் எழுந்தார். இவள் வணக்கம் சொல்லிவிட்டு, சேட்டு, அந்தக் குங்குமம் வச்சது நான்தான், ஆயுத பூஜைக்கு வச்சேன், ஒங்க பெயிண்ட நான் மஞ்சன்னு நெனச்சிட்டேன், அது என் தப்பு என்று முதலிலேயே சொல்லிவிட்டாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது, தப்பென்று நாமே ஒத்துக்கொண்டால் பிறகு என்ன பேசுவது. அவர், இஞ்சினுக்கு யாராவது குங்குமம் வைப்பாங்களாம்மா என்று சிரித்தார். இவள் திரும்பி அங்கே இருந்த காற்றடிக்கிற மெஷினைக் காட்டினாள், அதன் கழுத்தில் தசராவுக்குப் போட்ட சாமந்தி மாலை காய்ந்து தொங்குகிறது, கீழே அவர்கள் வைத்த குங்குமமும் இருக்கிறது. அது என்னங்க சேட்டு என்றாள். சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அவர் உட்கார்ந்துவிட்டார்.

பிறகு வண்டிக்கிட்ட வாங்க என்று அவரையும் அப்துல் வாஹித் மிஸ்திரியையும் கூட்டிக்கொண்டு போய்ப் பானட்டைத் திறக்கச் சொன்னாள். டார்ச் அடித்தாள். போல்ட்டக் கழத்துனா அது சுத்தணும்லா என்று கேட்டாள், ஆமாம் என்றார் சாய்நாத். சுத்துனா மேல காஞ்சு கெடக்க குங்குமம் வெடிக்கணும்லா என்றாள். எண்ணெயில் குழைத்த குங்குமம் இஞ்சின் சூட்டில் வெந்து பாறையாக இறுகிப் போயிருந்தது, பாதி போல்ட்டில், பாதி மூடியில், எட்டிலும் ஒரு கீறல் கிடையாது. அவர், ஏன், இஞ்சின் நின்ன பிறகு தொறந்துட்டு மேல புதுசா வச்சிருக்கலாமே என்றார். அதற்குத்தான் இவள் காத்திருந்தாள் போலிருக்கிறது. போனை எடுத்து நீ அனுப்பிய போட்டோவைப் பெரிதாக்கிக் காட்டினாள். மூன்றாவது போல்ட்டில் அன்றைக்கு எண்ணெய் கூடிப்போய்க் குங்குமம் ஒரு சொட்டு இடப்பக்கம் வழிந்து, நுனியில் கொக்கி போல வளைந்து நின்றிருக்கிறது. டார்ச்சை அங்கே அடித்தாள். அதே சொட்டு, அதே இடம், அதே கொக்கி. அக்டோபர் ஒண்ணாம் தேதி போட்டோ சேட்டு, இப்பிடி இன்னொருக்க வழிய விட என்னாலயே முடியாது என்றாள். பிறகு மிஸ்திரியைப் பார்த்து, அண்ணே, ஒண்ணே ஒண்ண மட்டும் தொடச்சுப் பாருங்க, மிச்சம் ஏழும் சாட்சிக்கு இருக்கட்டும் என்றாள்.

மிஸ்திரி துணியை மண்ணெண்ணெயில் நனைத்து முதல் போல்ட்டைத் துடைத்தார். குங்குமம் கரைந்து போனது, அடியில் மஞ்சள் கோடு போட்ட மாதிரியே நேராக இருந்தது. அந்த மனுஷன் குனிந்து பார்த்துவிட்டு, யே மேரா நிஷான் ஹை சேட், இது நான் போட்ட கோடுதான், இதை யாரும் தொடலை என்று எல்லார் முன்னாலும் சொன்னார். சம்பளம் கொடுக்கிற முதலாளி பக்கத்தில் நிற்கும்போது அப்படிச் சொல்ல ஒரு நெஞ்சு வேண்டும் செல்வி, அந்த மனுஷனையும் நீ உன் பிரார்த்தனையில் சேர்த்துக்கொள். அப்புறம் சாய்நாத்துக்கு வேறு வழி இல்லை, எங்கள் கண் முன்னாலேயே அடியில் ஆயில் தொட்டியைக் கழற்றினார்கள். ஆயிலை உறிஞ்சுகிற சல்லடை முழுக்கச் சாம்பல் நிறத்தில் பசை. மூடி ஒட்டுவதற்குத் தடவுகிற பேஸ்ட்டை அளவுக்கு மேல் பிதுக்கித் தடவியிருக்கிறார்கள், அது உள்ளே உதிர்ந்து சல்லடையை அடைத்து, ஆயில் மேலே ஏறாமல் இஞ்சின் செத்திருக்கிறது. அதைக் கண்டதும் சாய்நாத் மிஸ்திரி மேல் பாய்ந்தார், உன்னாலதான் என் பேர் போச்சு, கணக்கு முடிச்சுக் கெளம்பு என்று. அப்போது உன் அம்மா குறுக்கே போனாள். நாங்க ஒரு நாளைக்கு முந்நூறு பை பாக்கோம் சேட்டு, தச்சவன் கை தப்பும், தப்பாத கை எங்கயும் கெடையாது, அது வெளிய போகாம பாக்கதுக்குத்தான் செக்கிங்குன்னு ஒரு ஆளு இருக்கது, இங்ஙன செக்கிங் ஆளு நீங்கதான, அன்னைக்கு நீங்க பாத்தியளா, இந்தண்ணன் உண்மையச் சொன்னதுக்கு அனுப்புவியன்னா எனக்கு ஒங்க வாரண்டியே வேண்டாம் என்றாள்.

வாரண்டியே வேண்டாம் என்கிறாளே, அடிப் பாவி, டூட்டி போகப் போகிறதே என்று எனக்குப் பயம். ஆனால் தாயி, உண்மையைச் சொல்கிறேன், அந்தப் பயத்தோடேயே எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. எண்ணெய் படிந்த அந்தத் தரையில், கார்கானா அடையாள அட்டை கழுத்தில் தொங்க, கையில் ஒரு டார்ச் லைட்டோடு நிற்கிறாள், குரல் ஏறவில்லை. அங்கே நின்ற ஒரு டிரைவர் என்னிடம் வந்து, வக்கீலா அவங்க என்று கேட்டான். இல்லை, என் வீட்டுக்காரி என்றேன். அதைச் சொல்லும்போது எனக்கு இருந்த பெருமை நீ நர்ஸிங் பாஸ் பண்ணிய அன்றைக்குத்தான் இருந்தது.

சாய்நாத் மிஸ்திரியை வேலைக்குத் திரும்பிப் போகச் சொன்னார். பிறகு இஞ்சினைத் திரும்ப முழுக்கச் செய்து தருகிறேன், ஒன்றும் வாங்க மாட்டேன், அதுவரை டூட்டிக்கு என் வண்டி ஒன்றை எடுத்துப் போங்கள் என்றார், அதனால்தான் டூட்டி தப்பியது. மிஸ்திரியும் அங்கேயேதான் இருக்கிறார், நம் இஞ்சினை இரண்டாம் முறை செய்ததும் அவர்தான், இந்த முறை சாய்நாத் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாகப் பார்த்தாராம். டிசம்பர் இருபதாம் தேதி வண்டி வந்தது. புது வாரண்டி அட்டையை உன் அம்மா வாங்கி, சாய்நாத்திடமே நீட்டி, என்ன எழுதியிருக்கு, வாசிங்க என்றாள், வரி வரியாக அவர் வாசித்துத் தமிழில் சொன்னார். எல்லாம் கேட்டுவிட்டு, குங்குமம் வைக்கலாம்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுங்க என்றாள். அவர் தலையில் அடித்துக்கொண்டு, சிரித்துக்கொண்டே, மஞ்சள் குங்குமம் வைத்தாலும் வாரண்டி உண்டு என்று பேனாவால் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். இப்படி ஒரு வாரண்டி அட்டை இந்த மும்பையில் நம்மிடம் மட்டும்தான் இருக்கும். நீ அங்கே பழைய கார் ஒன்று வாங்கப் போவதாகச் சொன்னாயே, பின்பக்கம் பொடி எழுத்தைக் கடைசி வரி வரைக்கும் வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போடு, உன் அப்பனைப் போல மடித்துப் பைக்குள் போடாதே.

இனிமேல் எழுதப் போவதுதான் எனக்குக் கஷ்டம். வண்டி வந்த அன்றைக்குப் பூஜை போட நான்தான் சாமான் வாங்கி வந்தேன். பானட்டைத் திறந்து, குங்குமக் கிண்ணத்தை அவளிடம் நீட்டினேன். அவள் வாங்கவில்லை. எனக்கெதுக்கு வம்பு, நீங்களே வைங்க என்று சொல்லித் தள்ளி நின்றுகொண்டாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது, வடாலாவில் அத்தனை பேர் வாயை அடைத்தவளுக்கு நான் வீட்டில் சொன்ன வார்த்தையை மட்டும் இன்னும் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை செல்வி. திட்டுவதற்கு நீள்கிற வாய் அதற்கு நீளவில்லை. அதனால் கிண்ணத்தை நானே எடுத்து, எட்டு போல்ட்டுக்கும் என் கையால் பொட்டு வைத்தேன். வைத்து முடித்ததும் அவள் டார்ச்சை எடுத்துக்கொண்டு வந்து ஒவ்வொன்றாக அடித்துப் பார்த்தாள், பார்த்துவிட்டு, மூணாவது கோணல் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். இல்லவே இல்லை, நேராகத்தான் இருக்கிறது என்று நான் வாசலில் நின்று கத்தினேன். அன்று ராத்திரி இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டோம்.

நீ ஒரு காரியம் செய்ய வேண்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் சவாரியில் இருப்பேன், அம்மா தனியாக இருப்பாள். அப்போது போன் பண்ணி இந்தக் கடிதத்தை அவளுக்கு வாசித்துக் காட்டு. நடுவில் என்ன சொன்னாலும் நிறுத்தாதே, அழுதாலும் நிறுத்தாதே. நான் சொன்ன அந்த வார்த்தை வருகிற இடத்தில், அப்பா தப்பு என்று ஒத்துக்கொண்டு எழுதியிருக்கிறார் என்று நீயே சேர்த்துச் சொல்லிவிடு. சஃப்ரீனிடம் இட்லிப் பொடியும் சுக்கும் பனங்கற்கண்டும் கொடுத்து அனுப்புகிறோம், அந்தப் பிள்ளைக்கு ஊர் புதிது, முதல் இரண்டு நாள் உன்னோடு வைத்துச் சோறு போடு. பொங்கலன்று டூட்டி இருந்தாலும் ஒரு வாய் சர்க்கரைப் பொங்கல் வைத்துச் சாப்பிடு. கால் நனைந்தால் உடனே சாக்ஸை மாற்று. நீ நூறு வயசு நல்லா இருக்கணும் தாயி, உன் கை தொட்ட நோயாளியெல்லாம் எழுந்து நடக்கணும், உன் அம்மாவின் கண்ணும் நெஞ்சும் உனக்கு வாய்க்கணும், வாய் மட்டும் என்னுடையது வேண்டாம்.

என்றும் உன் நினைவாக,
அப்பா
சு. வானமாமலை

கையெழுத்துப் போட்ட பிறகு எழுதுகிறேன். இப்போது இறங்கிப் பானட்டைத் திறந்து பார்த்துவிட்டு வந்தேன். மூன்றாவது பொட்டு கோணல்தான். இதையும் அவளுக்கு வாசித்துவிடு.